கதைக்கு முந்தின வரியைத் தேடுங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமம். அரை ஏக்கர் தக்காளி, கொஞ்சம் மாமரம். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. கன்வென்ஷன் கூட்டம் முடிந்து வரும்போதெல்லாம் இனி தேவனுக்குத்தான் முதலிடம் என்று தீர்மானம் எடுக்கிறேன். மூன்றாம் வாரம் பழையபடி ஆகிவிடுகிறது. வேதாகமக் கதைகள் சிறுவயதிலிருந்தே தெரியும், ஆனால் அவை வாழ்க்கையில் இறங்கவில்லை. மாமியார் கிறிஸ்தவர் இல்லை. குழுக்கடன் வேறு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சகோதரி, தீர்மானம் விழுந்துபோவதைப் பார்த்து உங்கள் பக்தியே பொய்யோ என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டப் பந்தலில் யாரும் உங்களிடம் தவணை கேட்பதில்லை. வியாபாரி வேன் வந்து வாசலில் ஹாரன் அடிப்பதில்லை. நெருக்கடி இருப்பது வீட்டில். அங்கே எதையும் மாற்றாமல், பந்தலில் மனதை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தால் மூன்று வாரம் தாங்கியதே பெரிது.

வேதாகமத்தில் உறுதியாக நின்றவர்களைப் பாருங்கள். நெருக்கடி வந்த அன்றைக்குத் தீர்மானம் எடுத்தவர்கள் அவர்களில் குறைவு. அதற்கு வெகுநாள் முன்பே, யாரும் கவனிக்காத ஒரு சாதாரண நாளில், ஒரு சின்ன காரியத்தில் முடிவு நடந்திருக்கும். விழுந்தவர்கள் கதையும் அப்படித்தான். ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்தது நெருக்கடி நாளின் கதை: சிங்கக் கெபி, சேவல் கூவுதல், சோதோமின் அக்கினி. உங்களுக்கு இப்போது வேண்டியது அந்தக் கதைக்கு முந்தின வரி.

தானியேலை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களில் சிங்கங்களுக்கு நடுவே ஒரு வாலிபன் நிற்பான். கணக்குப் போட்டால் அப்படி வராது. அவர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டது கி.மு. 605 வாக்கில். பாபிலோன் விழுந்தது கி.மு. 539. சிங்கக் கெபி அதற்குப் பிறகு. பதினைந்து வயதில் போயிருந்தாலும் எண்பதைத் தாண்டிய முதியவர் அவர். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் 30 நாள் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளை வந்ததும் அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. தானியேல் 6:10 சொல்வது, ‘தான் முன் செய்துவந்தபடியே, தினம் மூன்றுவேளையும்’ முழங்காற்படியிட்டார் என்று. அந்த ‘முன் செய்துவந்தபடியே’தான் கதைக்கு முந்தின வரி. பலகணி ஏற்கெனவே எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்தது. கால்கள் அந்த மேலறைக்கு ஏறிப் பழகியிருந்தன. அறுபது வருஷத்துப் பழக்கத்தை ஒரு கையெழுத்து நிறுத்த முடியவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்து. அவன் கெட்டவன் அல்ல. பேதுருவின் இரண்டாம் நிருபம் அவனை நீதிமான் என்றே சொல்கிறது. அவன் கதையை ஆதியாகமம் 19-ல் ஆரம்பித்தால் ஒன்றும் புரியாது. 13-க்குப் போக வேண்டும். இருவருடைய மேய்ப்பர்களுக்குள் சண்டை வந்து, ஆபிரகாம் இடம் தெரிந்துகொள்ளச் சொன்னபோது, அவன் கண்களை ஏறெடுத்து நீர்வளமுள்ள சமபூமியைப் பார்த்தான். தண்ணீர் உள்ள நிலத்தைத் தேர்ந்தெடுப்பது பாவமா? ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் தண்ணீர் வராத நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு லோத்தின் ஆசை நன்றாகவே புரியும். ஆசையில் தப்பில்லை. ஆனால் 13:12-ல் ‘சோதோமுக்கு நேரே’ கூடாரம் போட்டான். 14:12-ல் சோதோமிலேயே குடியிருக்கிறான். 19:1-ல் சோதோமின் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், ஊரில் ஒரு பெரிய மனுஷனாக. நேரே, உள்ளே, வாசலில் என்று மூன்று சொல்லில் ஒரு குடும்பத்தின் திசை முழுவதும் தெரிந்துவிடுகிறது. அதே அதிகாரங்களில் ஆபிரகாம் கூடாரம் போட்ட இடங்களில் பலிபீடம் கட்டினதாகப் படிக்கிறோம். லோத்து ஒன்றாவது கட்டினதாக ஒரு வரியும் இல்லை.

இந்த இரண்டு கதையிலிருந்தே படிக்கும் முறை கிடைக்கிறது. கையில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு மூன்று வகைச் சொற்களின் கீழ் கோடு போடுங்கள்.

காலச் சொல்: முன், தினம், அதிகாலை, இன்னும், பின்பு.

இடச் சொல்: நேரே, தூரத்தில், வாசலில், பாதத்தருகே.

அளவுச் சொல்: முதல், ஒரு பிடி, கொஞ்சம், இரட்டிப்பு.

முதலிடம் என்பது மனதுக்குள் இருக்கும் ஒரு உணர்வு என்று நினைக்கிறோம். வேதாகமம் அதைப் பெரும்பாலும் நேரத்திலும் இடத்திலும் அளவிலும் காட்டுகிறது. பேதுரு மறுதலித்த கதையில் இதைச் செய்து பாருங்கள். மாற்கு 14:54-ல் அவர் ‘தூரத்திலே’ பின்சென்றார் என்று இருக்கும். அதற்கு முன் 37-ம் வசனத்தில், ஒரு மணி நேரம் விழித்திருக்கக்கூடாதா என்ற கேள்வி இருக்கும். அதற்கும் முன் 31-ம் வசனத்தில், சாக வேண்டியதானாலும் மறுதலிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி இருக்கும். உறுதிமொழி, தூக்கம், தூரம், பிறகு மறுதலிப்பு. கன்வென்ஷனுக்கும் மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் உங்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதே வரிசைதானே? பேதுருவின் உறுதிமொழி பொய் அல்ல, மனதாரச் சொன்னதுதான். அதற்குக் கீழே தாங்குகிற ஒரு மணி நேரம் இல்லாமல் போயிற்று.

வாரத்துக்கு ஒரு கதை போதும். அதைப் பிரித்துக்கொள்ளும் விதம் இது. திங்களன்று கதை முழுவதையும் ஒரே மூச்சில் வாய்விட்டு வாசியுங்கள். பத்து நிமிஷம் ஆகும். செவ்வாயன்று அந்த ஆள் வேதாகமத்தில் முதன்முதலாக வரும் இடத்துக்குப் போங்கள், அல்லது முந்தின அதிகாரத்தைப் படியுங்கள். புதனன்று அந்த மூன்று வகைச் சொற்களுக்குக் கோடு. வியாழனன்று நோட்டில் ஒரே ஒரு வாக்கியம்: இந்த வரி என் வீட்டில் எங்கே இருக்கிறது? வெள்ளியன்று ஒரு மாற்றம், அதில் நேரம், இடம், அளவு மூன்றும் இருக்க வேண்டும். ‘இன்னும் அதிகமாக ஜெபிப்பேன்’ என்று எழுதினால் அதை அடித்துவிடுங்கள். ‘அடுப்பு பற்றவைக்கும் முன், சாமான் அறை வாசற்படியில், ஒரு சங்கீதம்’ என்று எழுதினால் அது நிற்கும். சனி இரவு அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். சொல்ல வராத இடம்தான் உங்களுக்கே இன்னும் விளங்காத இடம். வெள்ளியன்று எழுதின மாற்றம் நிற்கவில்லை என்றால் அடுத்த வாரமும் அதே கதைதான். ஒரு கதைக்கு இரண்டு வாரம் போனாலும் வருஷத்துக்கு 26 கதை வரும். அதுவே நிறைய.

வீட்டில் எந்த வேதாகமம் இருந்தாலும் இது நடக்கும். கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் 1895-ல் வந்தது. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் 1997-ல் ஆனது. ஆகவே ஒரே தெருவில் ஒரு வீட்டில் பழைய மொழிபெயர்ப்பும், அடுத்த வீட்டில் 1995-ல் வந்த திருவிவிலியமும் இருக்கும். சொற்கள் மாறும். நான் இங்கே பழைய மொழிபெயர்ப்பின் சொற்களைச் சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கோடு போட வேண்டிய சொல் இன்னும் சீக்கிரம் கண்ணில் படும்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். உங்களுக்கு முதல் கதை தானியேலும் வேண்டாம், லோத்தும் வேண்டாம். ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுங்கள். இரண்டே அதிகாரம், 38 வசனம்.

பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். எதிர்ப்பு வந்தது, வேலை நின்றது. ஏறக்குறைய 16 வருஷம் அப்படியே கிடந்தது. அத்தனை வருஷத்தில் ஆலயம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது, இன்னும் காலம் வரவில்லை என்பதுதான். ‘இன்னும்’ என்ற அந்தக் காலச் சொல்லுக்குக் கோடு போடுங்கள். நம் பக்கத்து ‘இன்னும்’ எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: மாங்காய் சீசன் முடியட்டும், தளம் போட்டு முடிக்கட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், போர்வெல் கடன் அடையட்டும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். அதனால்தான் 16 வருஷம் போனதே தெரியாமல் போய்விடுகிறது.

ஆகாய் அவர்களைத் திட்டவில்லை. உங்கள் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள் என்றார். திரளாய் விதைத்தும் கொஞ்சமாய் அறுக்கிறீர்கள், கூலியைப் பொத்தலான பையில் போடுகிறீர்கள் என்றார். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. விளைச்சல் குறைந்தால் காணிக்கை குறைந்ததுதான் காரணம் என்று இந்த வசனத்தை வைத்து யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆகாய் பேசியது கி.மு. 520-ல் எருசலேமில் இருந்த ஒரு ஜனத்துக்கு, அவர்களோடிருந்த உடன்படிக்கையின் அடிப்படையில். பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை விழுந்ததற்கு அது விளக்கம் அல்ல. யோபின் நண்பர்கள் செய்த தப்பு அதுதான். கஷ்டத்தைப் பார்த்ததும் பாவத்தைத் தேடினார்கள், தேவன் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார்.

ஆகாயின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது தேதிகள். முதல் வார்த்தை வந்தது ஆறாம் மாதம் முதல் தேதி. ஜனங்கள் வந்து வேலை தொடங்கினது அதே மாதம் 24-ம் தேதி. இடையில் 23 நாள். முதல் கட்டளையும் சுவர் எழுப்புங்கள் என்று வரவில்லை. மலைமேல் ஏறி மரம் வெட்டிக்கொண்டு வாருங்கள் என்று வந்தது. அதாவது முதலில் சாமான் சேர்க்க வேண்டும். கூட்டத்திலிருந்து வந்த மறுநாளே நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம், மூன்று அதிகாரம் என்று ஆரம்பிப்பவர்களுடைய தீர்மானம் விழுவதற்குக் காரணம் இதுதான். மரம் வெட்டாமல் சுவர் கட்டப் போகிறார்கள். நீங்கள் முதல் மூன்று வாரத்தைச் சாமான் சேர்க்கவே வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடம் என்று பார்த்து வையுங்கள். அங்கே வெளிச்சம் இல்லையென்றால் ஒரு பல்பு போடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். போன் அந்த நேரத்தில் எந்த அறையில் சார்ஜில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இந்த மூன்று வாரமும் தினம் ஏழு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஆர்வம் இருந்தாலும் நிறுத்திவிட்டு எழுந்திருங்கள். விழாமல் நிற்கிற ஏழு நிமிஷத்தின்மேல் பிறகு கட்டலாம்.

உங்கள் கணவருக்கு நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் நிற்காது. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. ஆறு மணி ஜெபம் என்று சொன்னால் மூன்றில் ஒரு வாரம்தான் நடக்கும். தானியேலுக்கு நேரமும் இருந்தது, இடமும் இருந்தது. இவருக்கு இடத்தையும், அதற்கு முன் செய்கிற காரியத்தையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த ஷிஃப்ட் ஆனாலும் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு, கை கால் கழுவினதும், அதே நாற்காலி, ஐந்து நிமிஷம். கம்பெனி பஸ்ஸில் ஆடியோ வேதாகமம் கேட்பது நல்லதுதான். ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவர் தூங்கட்டும். எலியா தீர்க்கதரிசி சோர்ந்து சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பாடு கொடுத்தான். 1 இராஜாக்கள் 19-ல் தேவன் பேசினது அதற்கெல்லாம் பிறகு.

வாரம் முழுவதும் ஓசூரில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்பவர்கள், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் நடக்கும் என்பார்கள். நெகேமியா 3-ம் அதிகாரம் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிற அதிகாரம். அதில் ஆசாரியர்கள் அவரவர் வீட்டுக்கு எதிரே எருசலேமின் மதிலைக் கட்டினார்கள். 30-ம் வசனத்தில் மெசுல்லாம் என்று ஒருவர் தன் அறைவீட்டுக்கு எதிரே கட்டினார். அவருக்குச் சொல்லப்பட்டது ஒரு அறைதான். அந்த அறைக்கு எதிரே இருந்த மதில் அவருடைய பங்கு. 52 நாளில் மதில் முழுவதும் முடிந்தது இப்படிப்பட்ட துண்டுகளால்தான்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமைதான். ஆடு, கோழி, காய்கறி விற்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அது வாரா வாரம் வருகிற சோதனை. இதற்கு யாத்திராகமம் 16-ஐப் படியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னா என்ற உணவு தலைக்கு ஒரு ஓமர் அளவு, தினம் காலையில். மீத்து வைத்தது புழுத்தது. வெயில் ஏற ஏற உருகிப்போயிற்று. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு, அது கெடவில்லை. ஓய்வுநாளைக் காப்பாற்றியது ஏழாம் நாளின் பக்தி என்று நினைக்கிறோம். ஆறாம் நாளின் வேலைதான் அதைக் காப்பாற்றியது. சனிக்கிழமை மாலைக்குள் பறித்து, தரம் பிரித்து, கிரேடு (தக்காளிப் பெட்டி) கட்டி, மாவு அரைத்து, துணி எடுத்து வைத்தால் ஞாயிறு நிற்கும். காலை முதல் ஆராதனைக்குப் போய்விட்டுச் சந்தைக்குப் போக முடியுமா, சனி மாலை ஆராதனை எங்கே இருக்கிறது, மாதத்தில் எத்தனை வாரம் பக்கத்து வீட்டாரிடம் சரக்கு கொடுத்து அனுப்பலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அன்றன்றைக்கு மனசாட்சியோடு மல்லுக்கட்டுவதைவிட இது நேர்மை. மே முதல் ஜூலை வரை மாங்காய் சீசன். அந்த மாதங்களுக்குத் தனியாக ஒரு சின்ன அளவை முன்கூட்டியே நோட்டில் எழுதிவிடுங்கள். தினம் ஒரு சங்கீதம், வாரம் ஒரு ஆராதனை, அவ்வளவுதான். முன்கூட்டியே குறைத்துக்கொண்டால் அது ஒழுங்கு. சீசன் நடுவில் தானாகக் குறைந்தால் ஆகஸ்டில் திரும்ப எடுக்கவே முடியாது.

பணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இது.

சாறிபாத் விதவையின் கதையை எல்லாக் காணிக்கைப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். 1 இராஜாக்கள் 17-ல் அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும். எலியா கேட்டது, முதல் அதிலே எனக்கு ஒரு சிறிய அடை. அளவுச் சொற்களைப் பாருங்கள்: ‘முதல்’, ‘சிறிய’. எல்லாவற்றையும் கொடு என்று கேட்கவில்லை. சிறியதுதான், ஆனால் முதலில். முன்னுரிமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. கதையில் இன்னும் இரண்டு காரியம் கவனியுங்கள். அவள் கொடுத்தது பசியோடு வாசலில் நின்ற ஒரு மனிதனுக்கு. அவள் பணக்காரி ஆகவும் இல்லை. மாவு தீரவில்லை, அவ்வளவுதான். பானை நிரம்பி வழிந்தது என்று எந்த வசனமும் இல்லை. ஆயிரம் போட்டால் லட்சமாக வரும் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் பானையை மாற்றிவிட்டார்கள்.

எவ்வளவு என்பதற்கு 1 கொரிந்தியர் 16:2 நல்ல அளவுகோல்: வாரத்தின் முதல்நாள்தோறும், வரவுக்குத் தக்கதாக. விவசாயத்தில் வரவு என்பது மண்டியில் கையில் வாங்கின தொகை அல்ல. எடுத்துக்காட்டுக்கு, 30 கிரேடு, கிரேடு 250 ரூபாய் என்றால் 7,500. பறிகூலி, வேன் வாடகை, மண்டி கமிஷன் சேர்த்து 2,700 போனால் 4,800. விதை, உரம், மருந்துக் கடைக் கணக்கு இன்னும் இருந்தால் அதற்கு அந்தப் பறிப்பின் பங்கையும் கழியுங்கள். 1,800 என்று வைத்தால் மீதி 3,000. பத்தில் ஒன்று 300. அந்த 300-ஐ வீட்டுக்கு வந்த உடனே தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். ஞாயிறு காலையில் மீதியிலிருந்து எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் ‘முதல்’. விலை விழுந்து பறிகூலியே வராத வாரத்தில் வரவு இல்லை, ஆகவே கடமையும் இல்லை. குற்ற உணர்ச்சி வேண்டாம். பத்தில் ஒன்று இப்போது முடியாது என்றால் முப்பதில் ஒன்று வையுங்கள்; ஆனால் முதலில் வையுங்கள். கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடியே என்றுதான் 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது.

குழுக்கடன் தவணையை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனைத் துன்மார்க்கன் என்கிறது சங்கீதம் 37:21. தவணையைச் சரியான நாளில் கட்டுவது நீதி. குழுவில் உங்களோடு கையெழுத்துப் போட்ட மற்றப் பெண்களுக்குச் செய்யும் நியாயமும் அதுதான். கூடாதது ஒன்று உண்டு: கூட்டத்தில் உணர்ச்சியில் ஒரு தொகை பொருத்தனை பண்ணிவிட்டு, அதைக் கொடுக்கக் குழுவில் கடன் எடுப்பது. இது நம் பக்கத்தில் நடக்கிறது. இல்லாததிலிருந்து தேவன் கேட்பதில்லை. ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால் உங்கள் போதகரிடம் வெளிப்படையாகப் பேசி, மாதம் ஒரு சின்ன தொகையாக மாற்றிக்கொள்ளுங்கள். மதில் வேலை மும்முரமாக நடந்தபோது ஜனங்கள் நிலத்தை அடைமானம் வைத்தோம் என்று கூக்குரலிட்டார்கள். நெகேமியா 5-ல் அவர், இது தேவனுடைய வேலை நடக்கும் நேரம், கடன் பேச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டி வட்டியைத் திருப்பிக் கொடுக்கவைத்தார்.

இன்னொரு கதையும் உண்டு, அதிகம் பிரசங்கிக்கப்படாதது. மாற்கு 7-ல் சிலர் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். இயேசு அதைக் கடுமையாகக் கண்டித்தார். உங்கள் மாமியாரின் மாத்திரைச் செலவை நிறுத்திவிட்டுச் சபைக்குக் கொடுத்தால் அது முதலிடம் ஆகாது, கொர்பான் ஆகும்.

மாமியார் விஷயத்துக்குத் தானியேல் 1-ம் அதிகாரம். வாலிபனான தானியேலுக்குப் பெயரை மாற்றினார்கள். கல்தேயருடைய எழுத்தும் பாஷையும் படிக்கவைத்தார்கள். இரண்டையும் ஏற்றுக்கொண்டான். ராஜாவின் போஜனத்தில் மட்டும் ஒரு கோடு போட்டான். அதையும் எப்படிச் செய்தான்? இருதயத்தில் முதலிலேயே தீர்மானித்தான், அதிகாரியிடம் வேண்டிக்கொண்டான், பத்துநாள் சோதித்துப்பாரும் என்று கால அளவு சொன்னான். மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இருபது காரியத்தில் மறுக்காதீர்கள். மனசாட்சி உண்மையாகவே இடிக்கிற ஒன்றிரண்டை மட்டும், போதகரோடு பேசி, தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பண்டிகை அன்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்பே, சமையலறையில் அவரும் நீங்களும் மட்டும் இருக்கும்போது, ‘அத்தே, படையல் பக்கம் மட்டும் நான் வரல, மத்த வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி விருந்தாளிகளுக்குப் பரிமாறுவது, பாத்திரம் துலக்குவது எல்லாவற்றிலும் முன்னால் நில்லுங்கள். அவர் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் முதல் ஆளாகப் போங்கள். வீட்டு வேலையைத் தட்டிவிட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகிற மருமகளிடம் எந்த மாமியாருக்கும் கிறிஸ்துவைப் பற்றி நல்ல எண்ணம் வராது.

மார்த்தாளின் கதையை வேலை செய்கிற பெண்களைக் குத்துவதற்குப் பயன்படுத்துகிறார்கள், அது சரியல்ல. லூக்கா 10-ல் இயேசு, சமைக்காதே என்று சொல்லவில்லை. அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். யோவான் 12:2-ல் அதே மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள், இந்த முறை சகோதரி உதவவில்லை என்று குறை சொல்லவில்லை. நடுவில், யோவான் 11-ல், சகோதரன் லாசருவின் கல்லறைத் துக்கத்தில், நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன் என்று அறிக்கை செய்தவளும் அவளே. மாதர் சங்கம், பண்டிகைச் சமையல், கோயில் பெருக்குவது என்று சபை வேலையில் மூழ்கி, வாசிக்கிற ஏழு நிமிஷம் போய்விட்டால் அந்த மாதம் ஒரு பொறுப்பைக் குறையுங்கள். குறைக்க வேண்டியது பெரும்பாலும் மற்றவர்கள் கண்ணில் படுகிற பொறுப்பாக இருக்கும். அதனால் சங்கடமாக இருக்கும்.

கதை படிக்கும்போது பொதுவாக நடக்கும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ‘நான் தானியேல் மாதிரி இருப்பேன்’ என்று முடித்துவிடுவது. தானியேல் 6-ம் அதிகாரத்தின் உச்சம் தானியேலின் புகழ் அல்ல. தானியேலின் தேவனே ஜீவனுள்ள தேவன் என்று தரியு ராஜா எழுதி அனுப்பினதுதான். ஒவ்வொரு கதையிலும் வியாழக்கிழமை வாக்கியம் எழுதும் முன், இங்கே தேவன் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாவிட்டால் எல்லாக் கதையும் உங்கள்மேல் இன்னொரு சுமையாக ஏறும். பேதுருவின் கதை சேவல் கூவினதோடு முடியவில்லை. யோவான் 21-ல் கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம், பிறகு, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை ஒரே கேள்வி. மூன்று முறை விழுந்தவரிடம் இயேசு மூன்று முறை கேட்டார். ஆகவே நடுவில் நாலு நாள் விட்டுப்போனால் விட்ட நாலையும் சேர்த்து ஈடுகட்டாதீர்கள், மன்னா அப்படிச் சேராது. அன்றைக்குரிய ஏழு நிமிஷத்தை மட்டும் எடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சனி இரவு களி கிண்டிப் போட்டுவிட்டுக் கதை சொல்லும்போது, மூத்தமகன் உரிமையை ஒரு வேளைக் கூழுக்கு விற்ற ஏசாவில் ஆரம்பியுங்கள். வயல்வெளியிலிருந்து களைத்து வந்தவன், பயற்றங்கூழ், சாப்பிட்டான், குடித்தான், எழுந்து போனான். ஆதியாகமம் 25:34 நாலே வினையில் சொல்லி முடிக்கிறது. சிறுவர்களுக்கு உடனே பிடிக்கும். சொல்லி முடித்ததும், அவனுக்கு எப்போது பசி வந்தது, எப்போது அவன் முடிவு செய்தான் என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அடுத்த சனிவரை அது அவர்களிடமே இருக்கட்டும்.